மத்தியானம் ஆனால் கண் தெரியாத மெஷின்

அந்த வீட்டில் இருப்பது மூன்று பேர். டம்ளர்களோ ஒன்றரை டஜன். அப்படியிருந்தும் அவள் வேலை முடிந்து வந்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று அலமாரியைத் திறந்தால், அது துடைத்துவிட்டாற்போல் காலியாக இருக்கும். ஒன்று ஜன்னல் விளிம்பில், ஒன்று குளியலறையில், இரண்டு மகளின் கட்டிலுக்கு அடியில், ஒன்று எப்படிப் போயிற்று என்று யாருக்கும் தெரியாமல் செருப்பு வைக்கும் இடத்தில். கண்ணாடிக்கடை வைத்திருக்கும் கணவரும் சரி, கல்லூரிக்குப் போகும் மகளும் சரி, தாகம் எடுத்தால் புது டம்ளர் எடுப்பார்கள். குடித்த இடத்திலேயே வைப்பார்கள். அடுத்த தாகத்துக்கு அடுத்த டம்ளர்.

"எடுக்கத் தெரியுதில்ல? திருப்பி வைக்க மட்டும் கை வராதா?" என்று அவள் கேட்காத நாள் கிடையாது.

"இதுக்குப் போய் ஏன் கத்துறே? இன்னும் ஒரு டஜன் வாங்கிட்டா போச்சு," என்பார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன தீர்வுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

அலுவலகத்தில் அவள் எல்லோருக்கும் அக்கா. அவளைவிட வயதில் மூத்த கணக்கரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பிறந்த வீட்டிலும் ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். கதவு தட்டினால், பால் பொங்கினால், கடைக்குட்டி அழுதால், "நீ போய்ப் பாரு" என்று சொல்லப்பட்டவள். பாதிக் கணக்கில் எழுந்து போய், பாலை இறக்கிவைத்து, அழுகிறதை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, விட்ட வரியிலேயே பென்சிலை வைக்கும் வித்தை அவளுக்குப் பத்து வயதிலேயே கைவந்துவிட்டது. பின்னால் கல்லூரியில், கம்ப்யூட்டரும் இதையேதான் செய்கிறது, இதற்குப் பெயர் இன்டரப்ட், இதற்குத் தனிப் பாடம் உண்டு என்று ஆசிரியர் சொன்னபோது, இதைக்கூடவா காசு கட்டிப் படிப்பார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அந்தத் தேர்வில் நூற்றுக்கு நூறு. வேலையும் அதிலேயே அமைந்தது. கூப்பிட்டால் எழுந்து போகிற பிழைப்பு தன்னை விடுவதாக இல்லை என்று அவளே சொல்வாள். சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டாள்.

அவளுடைய கம்பெனி செய்வது, பருப்பிலிருந்து கல்லையும் சொத்தையையும் பிரிக்கும் மெஷின். மேலிருந்து பருப்பு அருவிபோல் கொட்டும். பக்கவாட்டில் இருக்கும் கேமராக்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். கெட்டது ஒன்று கண்ணில் பட்டதும் ஊசிபோல் காற்று அடித்து அதை மட்டும் தள்ளிவிடும். இத்தனையையும் நடத்துவது உள்ளே இருக்கும் ஒரு சிறிய கம்ப்யூட்டர். அதன் அடிமடியில் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல் வீட்டு நிர்வாகம் பார்க்கும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அது அக்காவின் பொறுப்பு.

கேமராவோ காற்று வால்வோ ஏதாவது சொல்ல நினைத்தால் கெர்னலைக் கூப்பிடும். அந்தக் கூப்பாடுதான் இன்டரப்ட். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஒரு எண் உண்டு. எண்ணை வைத்துத்தான் கூப்பிட்டது யார் என்று தெரியும். பழைய மெஷின்களில் இந்த எண்கள் பள்ளிக்கூடத்து வரிசை எண் மாதிரி இருந்தன. முதல் கேமராவுக்கு இன்ன எண் என்று ஒரு அட்டவணையில் பிறவியிலேயே எழுதிவிடுவார்கள். அந்தக் கேமரா இல்லாத மெஷினிலும் அதன் எண் சும்மா கிடக்கும், வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. வாடிக்கையாளர் ஒருவர் கூடுதலாக இரண்டு கேமரா கேட்டால் அக்கா உட்கார்ந்து அட்டவணையைக் கையால் மாற்றி எழுதுவாள். தப்பித்தவறி இரண்டுக்கு ஒரே எண் விழுந்துவிட்டால் தீர்ந்தது. ஒரே பெயருள்ள இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டதுபோல் இரண்டும் திரும்பும், அல்லது இரண்டும் திரும்பாது.

புது மெஷினில் கேமராக்கள் இரட்டிப்பு. அட்டவணையில் இடமே இல்லை. ஆகவே அக்கா இரண்டு வருடம் மன்றாடி, எழுதி, திருத்தி, டாக்டரிடம் டோக்கன் வாங்குவதுபோன்ற ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தாள். வருகிற கருவிக்கு, காலியாக இருக்கும் எண் ஒன்று கொடுக்கப்படும். போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்து வருவதற்கு அது போகும். அட்டவணையும் வேண்டாம், கையால் எழுதுவதும் வேண்டாம்.

மன்றாட வேண்டியிருந்தது அவர்கள் குழுத் தலைவரிடம். அலுவலகத்தில் அவருக்கு 'ஆறு வருஷத்தார்' என்று பெயர். கேமராவுக்கான டிரைவரை எழுதியவர் அவர். டிரைவர் என்றால் இங்கே, ஒரு கருவிக்கும் கெர்னலுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடத்தும் சிறு நிரல். எந்தக் கூட்டத்திலும், எந்தப் பேச்சிலும் அவர் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "என் டிரைவர் ஆறு வருஷமா ஓடுது." ஏழாவது வருடம் பிறந்த பிறகும் அவர் எண்ணை மாற்றவில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதியவர் பெயர் இருக்கும். அவரைக் கேட்காமல் அதில் ஒரு வரி மாற்றுவது, அடுத்த வீட்டுச் சமையலறைக்குள் போய் டப்பாக்களை இடம் மாற்றி வைப்பதற்குச் சமம். டோக்கன் முறைக்கு எல்லா டிரைவர்களும் மாற வேண்டும் என்பதால் அக்கா ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தாள். எண்ணைக் கேட்டு வாங்கும் வரி ஒன்று, திருப்பிக் கொடுக்கும் வரி ஒன்று. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆறு வருஷத்தார் மட்டும், "கேக்குற இடத்துல மட்டும் மாத்திக்குங்க. கீழே எதையும் தொட வேண்டாம். என்ன செய்யணுமோ அது அங்கே ஏற்கெனவே இருக்கு," என்றார். அதற்குள் அவரோடு பதினொரு கூட்டம் நடந்திருந்தது. பன்னிரண்டாவதுக்கு அவளிடம் தெம்பு இல்லை. சரி சார் என்றாள்.

சோதனைக்கூடத்தில் அந்த மெஷின் நான்கு மாதம் கண் இமைக்காமல் ஓடியது. ஒரே ஒரு தொல்லை, அலுவலக மக்கள். ஒருவர் வந்து கேபிளைக் கழற்றிக்கொண்டு போவார், இன்னொருவர் கேமராவை இரவல் கேட்பார். முதல் வாரத்திலேயே பொறுமை போய், பெரிய அட்டையில் 'கை வைத்தால் கை இருக்காது' என்று எழுதி மெஷினின் நெற்றியில் ஒட்டினாள். அதற்குப் பிறகு ஒரு ஈ கூடக் கிட்டே வரவில்லை.

முதல் மெஷின் ஒரு பருப்பு மில்லுக்குப் போயிற்று. இரண்டாம் நாளே போன் வந்தது. காலையில் ஜோராக ஓடுகிறதாம். மத்தியானம் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ஒரு கேமரா காணாமல் போகிறதாம். அப்புறம் இன்னொன்று. மூன்று மணிக்கு மெஷினுக்குக் கண்ணே தெரிவதில்லை, கல்லும் பருப்பும் கைகோத்துக்கொண்டு மூட்டைக்குள் போகின்றன. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிவிடுகிறது. ஆனால் அதற்கு உள்ளே இருப்பதை எல்லாம் இறக்கி, காலி செய்து, மறுபடி ஏற்ற வேண்டும். மில்லின் முதலாளியம்மா போனில் அக்காவிடம் கேட்டார்: "ஏம்மா, நான் மெஷின் வாங்கினேனா, மத்தியானம் தூங்குற மாப்பிள்ளை வாங்கினேனா?"

சூடாக இருக்கும் என்றார் ஒருவர். கரண்ட் ஏற்ற இறக்கம் என்றார் இன்னொருவர். சோதனைக்கூடத்தில் ஹீட்டர் வைத்துச் சூடாக்கிப் பார்த்தார்கள், மெஷின் வியர்த்ததே தவிர அசரவில்லை. மெஷின் தானே எழுதிவைக்கும் பதிவுகளை மில்லில் இருந்து அனுப்பச் சொன்னால், சுவிட்சை அணைக்கும்போதே அவை அழிந்துவிடுகின்றன. 'கேமரா இல்லை' என்று காட்டும் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். கேமராக்களை யாராவது தொட்டீர்களா என்று அக்கா மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இல்லை என்றார்கள்.

ஆறு வருஷத்தார் கூட்டத்தைக் கூட்டினார். "வர்றவனுக்கெல்லாம் டோக்கன் குடுத்தா இப்படித்தான் ஆகும். அட்டவணை இருந்தவரைக்கும் இந்தப் பேச்சே கிடையாது," என்றார். இந்த வாரம் முடிவதற்குள் காரணம் தெரியாவிட்டால் பழைய அட்டவணையைத் திரும்பப் போட்டு, பாதிக் கேமராக்களைக் கழற்றிவிட வேண்டும், டோக்கன் முறை அதோடு மூட்டை கட்டப்படும் என்று முடிவாயிற்று. இரண்டு வருட வேலை. அக்கா அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை மெஷினோடு தன் மடிக்கணினியை இணைத்துவைத்துக்கொண்டு, ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். திரையில் ஒரே ஒரு விஷயத்தைக் காட்டச் சொல்லியிருந்தாள்: கொடுக்க இன்னும் எத்தனை எண் பாக்கி இருக்கிறது. எண் கிடைக்காத கேமரா, மெஷினுக்கு இல்லாததற்குச் சமம். மெஷினைப் பார்த்துக்கொண்டவர் ஒல்லியான மனிதர், தோளில் ஒரு துண்டு. வணக்கம் வைத்துவிட்டு எட்டப் போய் நின்றுகொண்டார். பருப்பு கொட்டுகிற சத்தத்தில் காதில் பேசினால்கூடக் கேட்காது.

வெகுநேரம் எண் அசையவில்லை. பிறகு போன் அதிர்ந்தது. வெளியே போய்த்தான் பேச முடியும். கணவர். வண்டியின் இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்கே என்று கேட்டார். அலமாரியில் இரண்டாவது தட்டு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தால் பாக்கியில் இரண்டு குறைந்திருந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண் கொட்டாமல் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போன். மகள். சாவியை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டாளாம். அதற்கு ஒரு வழி சொல்லி, இரண்டு திட்டுத் திட்டிவிட்டு வந்தால் இன்னும் இரண்டு காணோம். மூன்றாவது அழைப்பு ஆறு வருஷத்தார், கண்டுபிடிச்சாச்சா என்று கேட்டார். நான்காவது மறுபடியும் கணவர். பேப்பர் கிடைத்துவிட்டது, அதற்கு நன்றி, கடைக்குப் பக்கத்தில் டம்ளர் தள்ளுபடியில் போட்டிருக்கிறான், ஒரு டஜன் வாங்கட்டுமா என்றார்.

"வாங்குங்க. நூறு வாங்குங்க. டம்ளர்லயே வீடு கட்டிக்கலாம்," என்று சொல்லி அணைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எண் குறைவதே இல்லை. அவள் எழுந்து போனால்தான் குறைகிறது.

அடுத்த தடவை போன் அடிக்கவில்லை. ஆனாலும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, சொல்லுங்க," என்று வெளியே போனாள். கதவோரம் நின்று, யாரும் இல்லாத போனுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். தோளில் துண்டு போட்டவர் இருபுறமும் பார்த்தார். விறுவிறுவென்று மெஷின் பக்கத்தில் போனார். மூன்றாவது கேமராவின் கேபிளைச் சட்டென்று பிடுங்கினார், கேமராவைக் கூட்டில் இருந்து உருவினார், துண்டு முனையால் அதன் கண்ணாடியை நாலு தேய்ப்புத் தேய்த்தார், வாயால் ஊதினார், திரும்பச் செருகினார். அவளுடைய கணவர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது போலவேதான் இருந்தது. பக்கத்துக் கேமராவுக்கும் அதே உபசாரம். பிறகு பழைய இடத்தில் போய்ச் சாதுவாக நின்றுகொண்டார்.

அக்கா உள்ளே வந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

"கேமராவைத் தொட்டீங்களான்னு மூணு தடவை கேட்டேனே."

"தொடலைங்களே."

"இப்போ என்ன பண்ணீங்க?"

"துடைச்சேன்."

அவள் பார்த்த பார்வையில் அவர் பயந்துபோய் மீதியையும் சொன்னார். பருப்புத் தூசி ஒட்டினால் மெஷின் நல்லதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் அவ்வப்போது எடுத்துத் துடைக்கிறார். பழைய மெஷினிலும் அப்படித்தான், அதற்கு ஒன்றும் ஆனதில்லை. இன்ஜினியர் வந்திருக்கும்போது மட்டும் எதிலும் கை வைக்காதே என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். அதனால்தான் அவள் எழுந்து போகும்வரை காத்திருந்தார்.

பழைய மெஷினுக்கு ஒன்றும் ஆகாதது சரிதான். அதில் கேமராவைப் பிடுங்கினாலும் செருகினாலும் அட்டவணையில் எழுதிய அதே எண். புதியதில், செருகும் ஒவ்வொரு தடவையும் கேமரா புது எண் வாங்கியது. பிடுங்கும்போது பழையதைத் திருப்பிக் கொடுத்ததா? அக்கா மூட்டைமேல் உட்கார்ந்து ஆறு வருஷத்தாரின் கோப்பைத் திறந்தாள். தொடக்கூடாது என்று சொல்லப்பட்ட பகுதிக்கு இறங்கினாள். கேமராவைப் பிடுங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதவேண்டிய இடத்தில், அவர் கைப்பட ஒரே ஒரு குறிப்பு இருந்தது: 'இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை.'

அவர்மேல் வந்த கோபத்தில் பாதி அவள்மேலேயே திரும்பியது. அந்த இடத்தைத் திறந்து பார்க்காமல் சரி சார் சொன்னது யார்? ஒரே கேமரா திரும்பத் திரும்ப வந்து எண் கேட்டபோது, முன்னே வாங்கியது எங்கே என்று கேட்காமல் அள்ளிக் கொடுத்தது யாருடைய கெர்னல்? நான்கு மாதச் சோதனையில் ஒருவர்கூட ஒரு கேபிளைப் பிடுங்காதபடி அட்டை எழுதி ஒட்டியது யார்?

அதற்குள் முதலாளியம்மா வந்துவிட்டார். "என்னம்மா, இவன் எதையாவது உடைச்சுட்டானா?"

"இல்லைங்க. இவர் மேல தப்பு இல்லை." அக்கா ஒரு கணம் யோசித்தாள். "உங்க வீட்டுல எல்லாரும் ஆளுக்கொரு டம்ளர் எடுத்துத் தண்ணி குடிச்சுட்டு, அங்கங்கே வெச்சுட்டுப் போவாங்களா?"

"அதை ஏன் கேக்குறே. சாயங்காலம் ஆனா கவுத்து வைக்க ஒரு டம்ளர் இருக்காது."

"அதேதான். காலையில அலமாரி நிறைய இருக்கு. மத்தியானம் காலி. சுவிட்சை அணைச்சா எல்லாத்தையும் கழுவி அடுக்கின மாதிரி."

"அடக் கடவுளே, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்," என்ற முதலாளியம்மா, தோளில் துண்டு போட்டவரைப் பார்த்து, ஏனோ அவரையே முறைத்தார்.

திருப்பிக் கொடுக்க ஒரு வரி போதும். ஆனால் கோப்பு அவருடையது. அக்கா வெளியே போய் ஆறு வருஷத்தாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"என் டிரைவர் ஆறு வருஷமா ஓடுதும்மா."

"ஓடிச்சு சார். அப்போ திருப்பிக் குடுக்க ஒண்ணும் இல்லை. இப்போ இருக்கு."

"ஒண்ணு பண்ணுங்க. மொத்த எண்ணைக் கூட்டிடுங்க. இருநூறு, முந்நூறுன்னு வெச்சுட்டா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உலகத்தில் உள்ள ஆண்களுக்கெல்லாம் எங்கேயோ ரகசியமாக ஒரே பள்ளிக்கூடம் நடக்கிறது. "கூட்டினா மத்தியானம் போற கண்ணு சாயங்காலம் போகும் சார்."

"அப்போ அந்தக் கேபிளைப் பசை போட்டு ஒட்டிடுங்க. கழட்டினாதானே பிரச்சினை?"

"அப்போ கண்ணாடியை யார் துடைக்கிறது?"

எதிர்ப்பக்கம் மௌனம். இந்தத் தடவை அவள் அதை நிரப்பவில்லை. பதினொரு கூட்டத்திலும் அவர் மௌனமாக இருந்தபோதெல்லாம், இடைவெளி பொறுக்காமல் அவளேதான் விட்டுக்கொடுத்து எதையாவது பேசியிருந்தாள். இப்போது மில்லின் சுவரில் ஒரு பல்லி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, போடுங்க," என்றார் கடைசியில். "ஆனா தப்புன்னு எழுதாதீங்க. மேம்பாடுன்னு எழுதுங்க."

அவள் இரண்டு வரி போட்டாள். அவருடைய கோப்பில், எண்ணைத் திருப்பிக் கொடுக்க ஒன்று. தன்னுடைய கெர்னலில், பழையதைக் கொடுக்காமல் புதியதைக் கேட்டால் கூச்சல் போட ஒன்று. அவர் எழுதிய குறிப்பை அழிக்கக் கை போயிற்று. பிறகு அதை அப்படியே விட்டு, அதற்கு அடுத்த வரியில் தன்னுடையதைச் சேர்த்தாள். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

மெஷின் மறுபடி கிளம்பியது. அக்கா தோளில் துண்டு போட்டவரைக் கூப்பிட்டு, கேமராவைப் பிடுங்குங்கள் என்றாள்.

"வேண்டாங்க."

"பரவாயில்லை, பிடுங்குங்க."

"நான் எதையும் தொட மாட்டேங்க," என்று அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. கடைசியில் அக்காவே போய்ப் பிடுங்கினாள், செருகினாள், அடுத்ததைப் பிடுங்கினாள். கை கறுத்தது, தலையெல்லாம் பருப்புத் தூசி. பாக்கி எண் ஒன்று கூடும், ஒன்று குறையும், பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மத்தியானம் வந்தது. போயிற்று. மூன்று மணிக்கு முதலாளியம்மா ஒரு பிடி பருப்பை எடுத்து உள்ளங்கையில் பரப்பி, விரலால் கிளறி, கல் தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் போலவே இருந்தது. மில் மூடும்வரை மெஷினுக்குக் கண் தெரிந்தது.

திரும்பும் வழியில் ஆறு வருஷத்தாரிடமிருந்து செய்தி வந்தது. டோக்கன் முறை இருக்கட்டும், பழைய அட்டவணை வேண்டாம் என்று ஒரு வரி. அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த வரியையும் படித்தாள்: கேமரா டிரைவர் இனிமேல் உங்கள் பொறுப்பு.

வாரம் பிறந்ததும் அலுவலகத்தில் அவள் செய்த முதல் வேலை, சோதனை மெஷினின் நெற்றியில் இருந்த அட்டையைக் கிழித்தது. அந்த இடத்தில் வேறு அட்டை ஒட்டினாள்: 'போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒரு கேபிளையாவது பிடுங்கிவிட்டு, திரும்பச் செருகிவிட்டுப் போகவும்.' மக்கள் சந்தோஷமாகக் கட்டுப்பட்டார்கள். கணக்கர்கூட வந்து இரண்டைப் பிடுங்கினார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் திரும்பி வந்து பார்த்தபோது, இரண்டு கேபிள்களையும் ஒரு கேமராவையும் காணவில்லை.

"திருப்பிச் செருகணும்னு எழுதியிருக்கேன்ல? அந்தப் பாதியை எவனும் படிக்கலையா?" என்று அக்கா நடுக்கூடத்தில் நின்று கேட்டாள். எல்லோரும் அவரவர் திரையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மேஜைமேல் போன் அடித்தது.